இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவர்கள்

மும்பையின் செம்பூரில் ஒரு தமிழர் அமைப்பின் இணையதளத்தைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை செயற்குழுவில் ஒரு தாள் கொடுப்பேன். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தை அதிகம் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தத் தாளோடு என்னை வராண்டாவில் நிறுத்தினார்.

“தம்பி, மூணாவது வரியப் பாருங்க. அது எம் பொண்ணோட வரன் பக்கம். கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, அப்பவே எடுத்துட்டேன்னீங்க. இல்லாத பக்கத்த யாரு பாக்குறா?”

கேட்கும்போதே அவர் குரல் தாழ்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நீக்கியது நான்தான். பெண்ணின் பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை பார்க்கும் இடம், அப்பாவின் கைப்பேசி எண் எல்லாம் அதில் இருந்தன. எடுக்கச் சொன்ன அன்றைக்கே எடுத்தேன். கொஞ்ச நாளில் வரன் பகுதியையே மூடிவிட்டோம். அப்படியிருந்தும் தாளில் அது மூன்றாம் இடத்தில் நிற்கிறது, எதிரே ‘மும்பை’ என்று வேறு போட்டிருக்கிறது. பக்கத்துத் தெருவில் யாரோ உட்கார்ந்து மகளின் விவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அந்தத் தகப்பனுக்குத் தோன்றியதில் தவறே இல்லை. அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. சபாவோ பள்ளியோ கோயிலோ, தளம் நடத்துகிற யாரிடமும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். அதனால் தேடிப் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு பக்கத்தை நீக்கும்போது நாம் நீக்குவது பக்கத்தை மட்டும்தான். அதன் முகவரி நம்மிடம் இருப்பதில்லை. அது கண்ட கண்ட இடங்களில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆயிற்று. டாக்ஸியில் ஏறி அந்தப் புதுப் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் ஒரு கணம் யோசிப்பார். விக்டோரியா டெர்மினஸ் 1996இல் பெயர் மாறி, 2017இல் இன்னொரு முறையும் மாறியது. தாதரில் ரயில் ஏறுகிற நம் ஆட்கள் இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறார்கள். இணைய முகவரிகளும் இப்படித்தான் அடுத்தவர் வாயிலும் கையிலும் தங்கிவிடுகின்றன.

வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று 1998இலேயே ஒரு கட்டுரை எழுதினார். உலகம் அதைக் கேட்கவில்லை. 2013இல் இருந்த வலைப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குள் கிடைக்காமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டுச் சொன்னது. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது இலட்சக்கணக்கான தனிமனிதர் பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. பக்கங்கள் போயின, அவற்றைச் சுட்டிய சுட்டிகள் வேறு தளங்களில் அப்படியே நின்றன. அவற்றை அழுத்துகிறவர்கள் இன்றும் அழுத்துகிறார்கள்.

அப்படி வந்து தட்டும்போது சர்வர் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்கிறது. பக்கம் இருந்தால் 200. வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றால் 301. கிடைக்கவில்லை என்றால் 404. இருந்தது, இனி வராது என்றால் 410. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலான தளங்கள் பொருட்படுத்துவதில்லை. ஆள் வெளியே போயிருக்கிறார் என்று சொல்வதற்கும் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அது. 404 கேட்டவன் மறுபடி வருவான்.

இனி கணக்குக்கு வருவோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது, ஏனென்றால் கணக்குப் புத்தகங்கள் இரண்டு. முதலாவது, சர்வர் தானே எழுதும் பதிவு, லாக் என்பார்கள். அதில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால், முதலில் வந்தவரின் ஐபி எண் இருக்கும். பிறகு சதுர அடைப்புக்குள் தேதியும் நேரமும், அதன் வாலில் +0530 என்று நம் நேர மண்டலமும். பிறகு அவர் கேட்ட முகவரி, சர்வர் சொன்ன பதில் எண், அனுப்பிய பைட்டுகள். அடுத்து எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பது. கடைசியாக எந்த உலாவி என்று அவரே சொல்லிக்கொள்ளும் பெயர். இந்த வரிகளைக் கூட்டிப் பட்டியலாக்க 1995இலேயே கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் ‘அனலாக்’ என்றொரு நிரல் எழுதினார். பிறகு வெப்அலைசர், ஏடபிள்யூஸ்டாட்ஸ் எல்லாம் வந்தன. பதிவேட்டைக் கொண்டு எத்தனை மனிதர்கள் வந்தார்கள் என்று அறிய முடியாது, எத்தனை கோரிக்கைகள் வந்தன என்றுதான் அறியலாம் என்று டர்னரே தம் நிரலின் விளக்கக் குறிப்பில் எச்சரித்திருக்கிறார். மாதத் தாள் அச்சடிக்கிற என் போன்றவர்கள் அதைச் சுவரில் எழுதி மாட்ட வேண்டும்.

இரண்டாவது புத்தகம் வாசகரின் உலாவியில் ஓடும் ஒரு துண்டு நிரல் எழுதுவது. கூகுள் 2005இல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அதே வருடம் நவம்பரில் அனலிட்டிக்ஸ் என்று வெளியிட்டதும் உலகம் இதற்கு மாறிவிட்டது. இந்தத் துண்டு எந்தப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் திறந்தால் ஒரு வருகை என்று எழுதும். நம் தளத்தின் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்புப் பக்கத்திலும் அது ஒட்டியிருந்தால், இல்லாத பக்கத்தைத் தேடி வந்து ஏமாந்தவரையும் ஒரு வருகையாக எழுதிக்கொள்ளும், பழைய முகவரியின் பெயரிலேயே. வார்ப்புரு ஒன்று என்பதால் எல்லாப் பக்கத்திலும் அது இருக்கும். எங்கள் தளத்திலும் இருந்தது. கதவு மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பியவர்களையும் உள்ளே வந்தவர்களாக எண்ணி நான் தாள் கொடுத்திருக்கிறேன். அதை அந்த வாரமே திருத்தினேன்.

நேரக் கணக்கும் ஏமாற்றும். கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடினால் மும்பைக்கும் அதற்கும் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் இடைவெளி. தேதியை மட்டும் பார்த்தால் நீக்குவதற்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்று பிரிக்க முடியாது. இரண்டு வருடம் கழித்து வரும் வருகையை இது விளக்காது. ஆனால் நீக்கிய அன்றும் மறுநாளும் ‘இன்னும் வருகிறார்களே’ என்று பதறுகிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்கலாம்.

இனி வருகிறவர்கள் யார்? எண்ணிக்கையில் முதலிடம் இயந்திரங்களுக்கு. 2024இல் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களுடையது, மனிதர்களுடையதை அது தாண்டிவிட்டது என்று இம்பெர்வா நிறுவனம் தன் அறிக்கையில் சொன்னது. தேடுபொறியின் பாட் ஒருமுறை பார்த்த முகவரியை மறப்பதில்லை. 404 என்று பதில் வந்தாலும், தவறுதலாக இருக்கலாம் என்று எண்ணி நாள் கழித்து வரும், பிறகு மாதம் கழித்து வரும், வருடங்கள் கழித்தும் வரும். அப்படி 404 சொல்வது தளத்துக்குக் கெடுதல் இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடிபாட்டை அறிவித்த பிறகு, மொழி மாதிரிகளுக்காகப் படிக்க வரும் இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. பழைய முகவரிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு அவையும் வீடு வீடாகத் தட்டுகின்றன. போதாததற்கு, கேள்விக்குப் பதில் சொல்லும் செயலிகள் இல்லாத முகவரியைத் தாமாகவே கற்பனை செய்து கொடுத்துவிடுவதும் உண்டு. அதை நம்பி அழுத்துகிறவர் மனிதர். அவரை அனுப்பியது இயந்திரம்.

திருட்டு எண்ணத்தோடு வருபவை தனி. உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுவதால், நம் தளம் எதில் ஓடுகிறது என்று பார்க்காமலே அதன் நுழைவுப் பக்கத்தையும் பழைய ஓட்டைகளையும் இவை கேட்டுப் பார்க்கும். பதிவேட்டில் நாம் ஒருநாளும் எழுதாத முகவரிகளுக்கு 404 வரிசை வரிசையாக நின்றால் அது இவற்றின் கைவரிசை. கூகுள்பாட் என்று பொய்ப்பெயர் சொல்லி வருவதும் வழக்கம். அந்த ஐபி எண் உண்மையில் யாருடையது என்று திருப்பித் தேடிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

அந்தத் தகப்பனைப் பயமுறுத்திய ‘மும்பை’ என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அமேசான் தன் மேகக் கணினி மையங்களை 2016 ஜூனில் மும்பையில் திறந்தது, கூகுள் 2017இல் திறந்தது. அங்கே வாடகைக்கு எடுத்த ஒரு கணினியிலிருந்து யாரோ ஓட்டும் பாட், அந்த யாரோ எந்த நாட்டில் இருந்தாலும், நம் கணக்கில் ‘மும்பை’ என்றே பதியும். வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் என்ற சிறு ஊர் உலகத்துத் தமிழ்த் தளங்களின் கணக்கில் எல்லாம் தலைகாட்டுவதும் இதனால்தான். அங்கே இருப்பவை தரவு மையங்கள். கைப்பேசி வருகைகளிலும் ஊர்ப்பெயர் நம்பத் தகுந்ததில்லை. ஒரே ஐபி எண்ணை ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் பகிர்ந்துகொள்கின்றன. கைப்பேசி நிறுவனத்தின் இணைய வாயில் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் பெயர் விழும். தென்காசியில் பேருந்துக்குக் காத்திருப்பவர் மும்பைக்காரராகப் பதிவாகலாம், தாராவிக்காரர் சென்னையாகலாம்.

மனிதர்களும் அறியாமலே வருகிறார்கள். கைப்பேசி உலாவியில் எப்போதோ திறந்து மூடாமல் விட்ட தாவல்கள் ஐம்பது, அறுபது என்று கிடக்கும். கைப்பேசி அணைந்து மீண்டு வந்தால், அந்தத் தாவலைத் தொட்டதும் அது பக்கத்தை மறுபடி கேட்கும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ பழைய செய்தியை மேலே இழுத்துப் போடுவார். நாற்பது பேர் அழுத்துவார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்ற பத்தியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், 2020இல் குரோம் தன் வழக்கத்தை மாற்றியபின் தளத்தின் பெயர்தான் வருகிறது, எந்தப் பக்கம் என்பது வருவதில்லை. வாட்ஸ்அப் போன்ற செயலிகளிலிருந்து வருபவர்களுக்கு அந்தப் பத்தி பெரும்பாலும் காலி.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு மூன்றாவது வரிக்குத் திரும்பினேன். கூகுள் கணக்கையும் சர்வர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த முகவரிக்குச் சர்வர் பதிவில் வந்திருந்தவை கொஞ்சம். அவற்றிலும் பெரும்பாலானவை தேடுபொறிகள். கூகுள் கணக்கில் வருகைகள் அதைவிடப் பல மடங்கு. வழக்கமாக இது தலைகீழாக இருக்க வேண்டும், ஏனென்றால் துண்டு நிரலை ஓட்டாத இயந்திரங்களும் சர்வர் பதிவில் விழும். சர்வர் கதவைத் தட்டாத ஒருவர் உள்ளே வந்ததாக இன்னொரு புத்தகம் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான் இருக்கும்.

ஒன்று, பேய் வருகை. பழைய அனலிட்டிக்ஸில் நம் கணக்கு எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு, தளத்துக்கே வராமல், கூகுளுக்கு நேரடியாகப் பொய் வருகைகளை அனுப்ப முடிந்தது. 2014 தொட்டு இரண்டு மூன்று வருடங்கள் உலகத்துச் சிறு தளங்கள் எல்லாம் இந்தத் தொல்லையில் திண்டாடின. எங்கிருந்து என்ற பத்தியில் தம் தளத்தின் பெயரைப் போட்டுவிட்டால், இது யார் என்று பார்க்கத் தளத்துக்காரர் தம் கடைக்குள் வருவார் என்பதுதான் பொய் அனுப்பிய விளம்பரக்காரர்களின் கணக்கு. 2023 ஜூலையில் அந்தப் பழைய அனலிட்டிக்ஸ் நின்றது. புதியதில் இந்த வழியாகப் பொய் அனுப்ப இரகசியச் சாவி ஒன்று தேவை.

மற்றது, நகல். யாரோ நம் பக்கத்தை நிரலோடு அப்படியே வாரிக்கொண்டு போய் வேறொரு தளத்தில் வைத்துவிட்டால், அந்த நகலைத் திறக்கிற ஒவ்வொருவரும் நம் கணக்கில் விழுவார்கள். நகலெடுத்தவருக்கு அதைப் பிரித்தெடுக்கும் பொறுமை இருப்பதில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: கணக்கில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் பக்கம் எந்தத் தளத்தின் பெயரில் திறந்தது என்று தெரிந்துவிடும். இயல்பாக அந்தப் பத்தியை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. சேர்த்தேன். எங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. திறந்தேன். மூடிய வரன் பகுதியின் பக்கங்கள் எல்லாம் அங்கே இருந்தன, நட்சத்திரமும் கைப்பேசி எண்ணும் உட்பட. ‘மும்பைத் தமிழ் வரன்’ என்று தேடுகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, அந்தப் பெரியவரின் பயம் சரி. எண்களை மட்டும் நம்பியிருந்தால் ‘அதெல்லாம் பாட் சார், கவலைப்படாதீங்க’ என்று நான் சொல்லியிருப்பேன். முதல் வாரத்தில் சொல்லவும் சொன்னேன்.

நகலை எடுக்க வைப்பது பெரும்பாடு. அந்தத் தளம் யாருடைய சர்வரில் இருக்கிறது என்று தேடி, அவர்களின் புகார் முகவரிக்கு எழுதி, பதில் வராமல் மறுபடி எழுதினோம். கடைசியில் அந்தப் பக்கங்கள் போயின. இந்தியாவில் 2021ஆம் வருடத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இடைநிலை நிறுவனங்கள் முறையீட்டு அலுவலர் வைத்திருக்க வேண்டும், புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று, குறித்த நாள்களுக்குள் முடிக்க வேண்டும். 2023இல் வந்த எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை அழிக்கக் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. நீதிமன்றங்கள் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்ட மனுவை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, இணையத்தில் இருந்த தீர்ப்பை எடுக்கச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. நீக்கிய பக்கத்தின் வருகைக் கணக்கைப் பார்க்கும்போது, அது ஏன் நீக்கப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது இந்த நகலோடு மல்லாடியபோதுதான். பழைய கச்சேரி அறிவிப்பும் ஒரு பெண்ணின் வரன் விவரமும் கணக்கில் ஒரே மாதிரி வரிகளாக நிற்கின்றன.

நீக்கியவற்றைக் காப்பதும் ஒரு நல்ல வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இணைய ஆவணகம், 2001 முதல் பழைய பக்கங்களை எல்லோருக்கும் காட்டிவருகிறது. இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய ஆணையில் 2017 ஆகஸ்டில் அந்த ஆவணகமும் சிக்கி, இந்தியாவில் சில நாள் திறக்கவில்லை. கூகுள் தன் தேடல் முடிவுகளில் வைத்திருந்த ‘சேமித்த நகல்’ சுட்டியை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டு, அதே வருடம் பின்பாதியில் ஆவணகத்துக்கே வழிகாட்டத் தொடங்கியது.

தமிழ் முகவரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு.  உலாவியில் ‘தாராவி’ என்று அழகாகத் தெரியும் முகவரி, பதிவேட்டில் வேறு உருவத்தில் இருக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதன் பின் இரண்டு எழுத்துகளுமாக விரியும். தாராவி என்பதில் த, கால், ர, கால், வ, இகரக் கொக்கி என்று ஆறு குறியீடுகள். பதிவேட்டில் அது 54 எழுத்துகள். இந்த நீளத்தை மின்னஞ்சல் இரண்டாக மடிக்கும், செயலிகள் நடுவில் வெட்டும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு முகவரியும் ஒரு 404.

வேர்ட்பிரஸ் தன் பங்குக்கு முகவரியின் வாலை 200 எழுத்தோடு நிறுத்திவிடுகிறது. ஆங்கிலத்தில் அது முப்பது சொல். தமிழில் 22 குறியீடுகள். நான்கு சொல்லுக்குக்கூடப் போதாது. ‘தாராவி தமிழ்ப் பள்ளி மாணவர் உதவித்தொகை’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘மாண’ என்று பாதிச் சொல்லில் நிற்கும். அதைப் பார்த்து, தவறு என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு ‘மாணவர்’ என்று திருத்தி அனுப்புகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் அனுப்பிய சுட்டி எங்கும் போகாது.

இன்னும் நுட்பமானது ஒகர வரிசை. ‘பொங்கல்’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், தனித்தனிக் கொம்பாகவும் காலாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு வேறு முகவரிகள். ‘ஸ்ரீ’ என்பதும் அப்படியே: 2005இல் யூனிகோடில் தனி ஶகரம் சேர்ந்த பிறகு அதற்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள். கோயில் தளங்களை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீக்காத பக்கமே நீக்கியதுபோல் கணக்கில் வந்து நின்றால், எழுத்தைப் பிரித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

தமிழ் வலையின் சொந்த வரலாறும் இந்தக் கணக்கில் படிந்திருக்கிறது. டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறிமுறையில் இருந்த பக்கங்கள் யூனிகோடுக்கு மாறும்போது முகவரிகளும் மாறின. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில்தான் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பிளாக்கரில் எழுதியவர்கள் கதை இன்னும் வருத்தமானது. 2012இல் கூகுள் இந்திய வாசகர்களுக்கு வலைப்பூ முகவரிகளின் வாலை ‘டாட் இன்’ என்று மாற்றிக் காட்டியது. ஆறு வருடம் நம் ஆட்கள் அந்த முகவரியைத்தான் நகலெடுத்துப் பரப்பினார்கள். 2018இல் கூகுள் அந்த வழக்கத்தை விட்டது. 2020இல் அந்த ‘டாட் இன்’ பெயரைப் புதுப்பிக்காமல் கைநழுவ விட்டது. எழுதியவர் ஒரு வரியும் நீக்கவில்லை, பதிவுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் இலட்சக்கணக்கான சுட்டிகள் செத்துவிட்டன. கதை, கவிதை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு என்று அந்த வருடங்களில் தமிழர்கள் எழுதிக் குவித்தது கொஞ்சமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

செய்ய வேண்டியதைப் பற்றி நாலு வார்த்தை. எடுத்த பக்கம் திரும்பி வராது என்றால் 410 சொல்லுங்கள். தேடுபொறி சற்றே சீக்கிரம் விட்டுவிடலாம். கூகுளின் நீக்கக் கருவி மறைப்பது ஏறக்குறைய ஆறு மாதம்தான், அதற்குள் பக்கத்தை உண்மையிலேயே எடுத்திருக்க வேண்டும். பாட்கள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ‘ரோபாட்ஸ்’ கோப்பில் நீக்கிய முகவரியைத் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது எதிராக முடியும்: கதவுக்கே வரக் கூடாது என்று தடுத்தால், வீடு காலி என்பதைத் தேடுபொறி எப்படித் தெரிந்துகொள்ளும்? எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கூகுள் அதையும் ‘இல்லாத பக்கம்’ என்றே எடுத்துக்கொள்கிறது. வந்த மனிதரோ தான் கேட்டது எங்கே என்று தெரியாமல் விழிப்பார். உண்மையான மாற்றுப் பக்கம் இருந்தால் அதற்குத் திருப்பலாம். இல்லையென்றால் இல்லை என்று தமிழில் தெளிவாகச் சொல்லி, யாரைக் கேட்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணும் கொடுக்கலாம். பதிவேட்டை வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். ஐபி எண்ணும் ஒரு பெண்ணின் பெயர் உள்ள முகவரியும் சேர்ந்த வரி தனிமனித விவரம்தான்.

மூன்றாவது வரியை முடித்தபின் மற்ற 404களையும் விடாமல் பார்த்தேன். தேடுபொறிகளைக் கழித்தேன், திருடர்களைக் கழித்தேன், வெட்டுப்பட்ட சுட்டிகளை ஒதுக்கினேன். மீந்ததில் ஒரு கொத்து விநோதமாக இருந்தது. ‘தமிழ்ப்பள்ளி-உதவித்தொகை’ என்று நாங்களே சுருக்கமாக வைத்த ஒரு முகவரி. தாராவியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான விண்ணப்பம் அதில் இருந்தது. காலம் முடிந்ததும் எடுத்துவிட்டோம். விழுக்காட்டுக் குறிகளைப் பிரித்துப் படித்தால், கேட்டவர்கள் ‘தமிழ்பள்ளி’ என்று கேட்டிருந்தார்கள். ‘உதவிதொகை’ என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் ‘பள்லி’ என்று அடித்து, இரண்டு நிமிடம் கழித்துச் சரியாக அடித்திருந்தார். எல்லாம் கைப்பேசி. எங்கிருந்து என்ற பத்தி காலி. இரவு பத்து மணிக்கு மேல், பெரும்பாலும் ஜூன் மாதம், பள்ளி திறக்கும் சமயம்.

எந்த இயந்திரமும் ஒற்றை விட்டு எழுதுவதில்லை. சுட்டியை அழுத்தினால் எழுத்துப் பிழை வராது. இவர்கள் எதையோ கண்ணால் பார்த்து விரலால் அடிக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை தாராவி போனேன். 90 அடிச் சாலையில் நாங்கள் நோட்டீஸ் கொடுத்திருந்த கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் பக்கச் சுவரில் அது இருந்தது. வெயிலில் சிவப்பு வெளிறி, மேலே ஒரு டியூஷன் சென்டர் விளம்பரம் பாதி மறைத்து, கீழே முகவரி மட்டும் பளிச்சென்று. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம்.

“அது எப்பவோ ஒட்டுனது அண்ணாச்சி. பசை நல்லா புடிச்சிருக்கு, பிய்க்க வரல. புள்ளைக்கு அட்மிசன் போட ஜெராக்ஸ் எடுக்க வாரவுக அதப் பாத்து போன்ல அடிச்சிப் பாக்காவ. ஒண்ணும் வரலங்காவ. நான் என்னத்தச் சொல்ல?”

அன்று இரவே அந்த வருடத்து விண்ணப்பத்தை அதே முகவரியில் ஏற்றினேன். ‘தமிழ்பள்ளி’ என்று ஒற்றில்லாமல் அடித்தாலும், ‘உதவிதொகை’ என்று அடித்தாலும், லகரம் மாறினாலும் அங்கேயே வந்து சேரும்படி வழி வைத்தேன். ஒகரத்தைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தால் ஒரு வழி, சேர்த்து அடித்தால் ஒரு வழி. வரன் பக்கங்களுக்கு 410 வைத்தேன். மறுநாள் பெரியவரைக் கூப்பிட்டு, நகலிலும் போய்விட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மத்த பொண்ணுங்களோடதும் போயிருச்சா தம்பி?” என்று கேட்டார். போய்விட்டது சார் என்றேன்.